குப்பைமேட்டுத் தொகுதி உறுப்பினர்

நீங்கள் காரை விட்டு இறங்குவதற்குள் லைல் பிங்காம் உங்கள் குப்பைப் பையைத் தூக்கித் தோளில் போட்டிருப்பார். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் எங்கள் ஊருக்குள் குப்பை வண்டி வராது. சனிக்கிழமை காலையில் ஊரே குப்பைமேட்டுக்கு வந்தாக வேண்டும். ஓட்டுக் கேட்க அதைவிட வசதியான இடம் ஏது? பையைக் குலுக்கியே வீட்டு நடப்பைச் சொல்லிவிடுவார். "பாட்டில் சத்தம் பலமா இருக்கே, மாமியார் ஊருக்குப் போயாச்சா?" என்பார்.

மாநிலச் சட்டமன்றத்துக்கு இருபது வருஷமாக இப்படித்தான் ஜெயித்துப் போய்க்கொண்டிருந்தார். சம்பளம் பெட்ரோலுக்கே காணாது. அங்கே நானூறு பேருக்கு நடுவில் உட்கார்ந்து, மதியச் சாப்பாடு முடிந்ததும் கண்ணயர்வார். பேச என்று எழுந்தது ஒரே ஒரு முறை; ஜன்னலைச் சாத்தச் சொன்னார். மனிதர் தங்கம், மூளையை மட்டும் தொந்தரவு செய்யமாட்டார்.

போன வசந்தத்தில் வந்தது வினை. தூக்கம் கலைந்த வேகத்தில், ஓட்டெடுப்பில் ‘வேண்டாம்’ என்ற சிவப்புப் பொத்தானுக்குப் பதில் ‘வேண்டும்’ என்ற பச்சையை அழுத்திவிட்டார். எங்கள் குப்பைமேட்டை மூடிவிட்டு அடுத்த ஊரோடு சேர்க்கும் மசோதா அது. ஊர் கொதித்தது. பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற டார்கஸ் விட்கம் அவரை எதிர்த்து நின்றாள். லைலுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"சாவு வீட்டுலகூட மெம்பர்னு சொல்லித்தானய்யா முன்வரிசையில உக்கார வைக்கிறாங்க," என்று என்னிடம் புலம்பினார். "வெறும் லைலை எவன் மதிப்பான்?"

எனக்குச் சிரிப்பு வந்தது, பாவமாகவும் இருந்தது.

தேர்தல் முடிவை ஊர் மன்றத்தில் வாசித்தார்கள். ஒரே ஓட்டில் டார்கஸ் ஜெயித்திருந்தாள். லைலின் மனைவி ஹேஸல் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீ யாருக்குய்யா போட்ட?"

"டார்கஸுக்குத்தான். தனக்குத்தானே குத்திக்கிறது அசிங்கம்டி."

எங்கள் ஊரின் பழைய வழக்கம் அது. போட்டியிடுகிறவர் தன் ஓட்டை எதிராளிக்குப் போடுவார், எதிராளி இவருக்குப் போடுவார். கணக்கு நேராகிவிடும், மரியாதையும் மிஞ்சும். எல்லோரும் டார்கஸைத் திரும்பிப் பார்த்தோம்.

"நான் எனக்குத்தான் போட்டேன்," என்றாள் அவள். "இத்தனை வருஷம் பஸ் ஓட்டினவ. வர்றவனுக்கெல்லாம் வழிவிட்டுட்டு நின்னா, புள்ளைங்க எப்ப பள்ளிக்கூடம் போய்ச் சேர்றது?"

மறுபடி எண்ணச் சொல்லிக் கேட்கும்படி ஆளாளுக்கு வற்புறுத்தினோம். லைல் வேண்டாமென்று தலையாட்டிவிட்டு வெளியே போனார். தன் வண்டிக்குப் பின்னால் ஈரத்தரையில் மண்டியிட்டு, சட்டமன்ற உறுப்பினர்களுக்கென்று தரும் நம்பர் பிளேட்டைக் கழற்றினார். டார்கஸுக்குப் புதிதாக வேறு கொடுப்பார்கள் என்று ஹேஸல் கத்தியது அவர் காதில் ஏறவில்லை. சட்டைக் கையால் சேற்றைத் துடைத்து, எங்களோடு வெளியே வந்திருந்த டார்கஸிடம் நீட்டினார். அவள் மறுமுனையைப் பிடித்து இழுத்தாள். அவர் விடவில்லை.