நிலைக்கு வெளியே போன கம்பி

கீழச்சிவல்பட்டியில் அந்தப் பெரிய வீட்டின் வளவு என்னும் உள்முற்றத்தைச் சுற்றி ஒன்பது அறைகள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் அறை. புள்ளி என்றால் கல்யாணமான ஒரு தம்பதி. கோயிலில் குடும்பங்களை அப்படித்தான் எண்ணுவார்கள். கணவன் செத்துப்போனால் மிஞ்சியவள் அரைப்புள்ளி. சாப்பாட்டையோ துணியையோ அவளுக்குப் பாதியாகக் குறைத்துவிடவில்லை. எண்ணிக்கையில் மட்டும் ஒரு மனுஷியை இரண்டாகக் கிழித்து, ஒரு துண்டைச் சுடுகாட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். படித்தவர்களும் இதைச் சிரிக்காமல் சொல்கிறார்கள்.

உமையாள் அப்படிப்பட்ட அரைப்புள்ளி. 1996இல் அவளுக்கு நாற்பத்தொரு வயது. குழந்தை இல்லை. கணவன் ஈப்போவில் வேலையில் இருந்தபோது தபால் வழியில் ரேடியோ மெக்கானிசம் படித்தாள். ஊரில் ஓடாத ரேடியோக்கள் அவள் அறைக்கு வந்து, பேசிக்கொண்டு திரும்பிப் போயின. ரேடியோவைக் கொண்டுவருபவர்கள் வாசலோடு நின்றுவிடுவார்கள்.

கணவன் ஒருமுறை லீவில் வந்தபோது டிவியில் மாட்டி ஆடும் வீடியோ கேம் ஒன்றைக் கொண்டுவந்தான். அவன் திரும்பிப் போனபின் மத்தியான நேரங்களில் அதை ஆடியவர்கள் இரண்டு பேர்: உமையாளும், எதிர் அறையில் இருந்த கொழுந்தன் மனைவி தீபலட்சுமியும். இரண்டு பொம்மைகள் ஏணி ஏறிப் பள்ளம் தாண்ட வேண்டும். ஒருத்தி பள்ளத்தில் விழுந்தால் மற்றவளும் ஆட்டத்தை விட்டுவிடுவாள். அப்படி ஒரு சட்டம் அவர்களாகப் போட்டுக்கொண்டது.

அவன் அங்கேயே இறந்தான். அவன் பொருள்களைப் பரணில் தூக்கிப் போட்டார்கள். தீபலட்சுமி அறைக்குள் வருவதை நிறுத்தினாள். அவள் கெட்டவள் இல்லை. மகள் பெரியவளாகிக்கொண்டிருந்தாள், அரைப்புள்ளியின் அறைக்குப் போவது ஆகாது என்று யாரோ சொன்னார்கள், பயந்துவிட்டாள். எதிர் அறைக்கும் இந்த அறைக்கும் இடையில் இருபது அடி. ஆறு வருஷமாக அந்த இருபது அடியை அவள் நடக்கவில்லை.

அந்த வருஷம் தீபலட்சுமியின் மகளுக்குக் கல்யாணம். அன்று உமையாளைப் பரணைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். பாத்திரம் எடுத்துக் கொடுக்கவாம். கீழே நடக்கும் கல்யாணச் சத்தத்தைக் கேட்டபடி மேலே உட்கார்ந்திருந்தவள் கையில் அந்தப் பழைய மிஷின் அகப்பட்டது. மேல்மூடி நொறுங்கியிருந்தது. ஜாய்ஸ்டிக் இரண்டில் ஒன்றுதான் இருந்தது. உள்ளே இருந்த போர்டு மட்டும் நன்றாக இருந்தது.

அந்தப் போர்டை ஒரு முறுக்கு டின்னுக்குள் வைத்தாள். தகரத்தில் பட்டுக் கருகிவிடாமல் அடியில் சைக்கிள் டியூபை வெட்டிப் பரப்பினாள். பழைய சார்ஜர் ஒன்றைப் பிரித்து மின்சாரம் கொடுத்தாள். கறுப்பு வெள்ளை டிவியில் ஏணி தெரிந்தது. 'ஒருவர் ஆட்டம், இருவர் ஆட்டம்' என்று திரை இங்கிலீஷில் கேட்டது. கேட்ட கேள்வி அப்படியே நிற்க, அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இரண்டாவது ஜாய்ஸ்டிக்கைக் காரைக்குடி செக்காலை ரோட்டில் அமலதாஸ் கடையில் வாங்கினாள். அதன் முனை இந்த மிஷினில் பொருந்தவில்லை. முனையை வெட்டினாள். உள்ளே ஐந்து கம்பி. மிஷினிலும் ஐந்து. சிவப்போடு சிவப்பு, வெள்ளையோடு வெள்ளை என்று சேர்த்துப் பற்றவைத்தாள். இரண்டாவது பொம்மை தானாக நடந்துபோய்ப் பள்ளத்தில் விழுந்தது. எத்தனை தடவை போட்டாலும் விழுந்தது.

டின்னைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். அமலதாஸ் திறந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"நெறத்தை நம்பிட்டீக ஆச்சி. கம்பெனிக்குக் கம்பெனி நெறம் மாறும். மீட்டரை வச்சுப் பாருங்க. அது சொல்றதுதான் நெசம்."

சிவப்புச் சேலையை அவளிடமிருந்து பிடுங்கிய வீட்டில் அவள் ஆறு வருஷம் இருந்தவள். நிறத்துக்கு அர்த்தம் உண்டு என்று கைக்குப் பழகிப்போயிருந்தது.

கம்பிகளை ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். ஒன்று மின்சாரம் கொண்டுபோகிறது, ஒன்று திருப்பிக் கொண்டுவருகிறது. மூன்றாவது, 'எதை அழுத்தியிருக்கிறாய்' என்று கேட்கிறது. நான்காவது, 'ஒவ்வொன்றாகச் சொல்' என்று தாளம் தட்டுகிறது. ஐந்தாவதுதான் பதில் சொல்லும் கம்பி. சரியாகச் சேர்த்ததும் அமலதாஸ் இரண்டாவது ஜாய்ஸ்டிக்கை எடுத்து ஓர் ஆட்டம் ஆடினார். பொம்மை சொன்னபடி கேட்டது.

"எனக்கு எண்ணூறு. ஒங்களுக்கு எத்தனை புள்ளி ஆச்சி?"

"எனக்கு அரைப்புள்ளி அண்ணே" என்றாள் உமையாள்.

ஏதோ பகடி என்று அவர் சிரித்தார். அவர் வேதக்காரர், மாதாகோயிலுக்குப் போகிறவர், இந்தக் கணக்கு அவருக்குத் தெரிய நியாயமில்லை.

வீட்டுக்கு வந்து தீபலட்சுமியை ஆடக் கூப்பிட்டாள். மகள் முழுகாமல் இருக்கிறாள், பிரசவம் ஆகட்டும், வருகிறேன் என்று பதில் வந்தது. முன்பு கல்யாணம் ஆகட்டும் என்றிருந்தாள்.

உமையாள் யோசித்தாள். ஜாய்ஸ்டிக்கின் கம்பி நான்கு அடிதான். இன்னும் பத்து அடி வாங்கி ஒட்டுப்போட்டாள். கம்பி அறையைக் கடந்து, வாசல் நிலையைத் தாண்டி, வளவுத் தூண் வரை போனது. ஜாய்ஸ்டிக்கைத் தூணடியில் வைத்துவிட்டு, டிவியை வாசல் பார்க்கத் திருப்பிக் காத்திருந்தாள்.

மறுநாள் மத்தியானம் மெட்டிச் சத்தம் தூணருகே நின்றது. திரையில் இரண்டாவது பொம்மை ஒருமுறை குதித்தது. பிறகு ஏணியில் ஏறியது.

நாலைந்து நாள் ஆடினார்கள். உள்ளே ஒருத்தி, வெளியே ஒருத்தி. திரையைப் பார்த்தபடி இருந்ததால் உமையாளுக்கு அவள் முகம் தெரியவில்லை. சிரிப்பு மட்டும் கேட்டது. ஒரு நாள் உமையாளின் பொம்மை பள்ளத்தில் விழுந்தது. தீபலட்சுமியின் பொம்மை நிற்காமல் ஏறிப்போய்க்கொண்டே இருந்தது. பழைய சட்டம் அவளுக்கு மறந்துவிட்டது.

"இது நல்ல ஏற்பாடு ஆச்சி" என்றாள் தீபலட்சுமி, தூணடியிலிருந்து. "இப்படியே இருந்துட்டா ஒருத்தரும் ஒண்ணும் சொல்லமாட்டாக."

தன் கையாலேயே தீட்டுக்குப் பத்து அடி நீளம் கூட்டிக் கொடுத்திருப்பது உமையாளுக்கு அப்போதுதான் விளங்கியது. மூடத்தனத்துக்கு வசதி செய்துகொடுத்தால் அது உட்கார்ந்துகொள்ளும், எழுந்து போகாது.

சாயங்காலமே ஒட்டைப் பிரித்து, பத்து அடியையும் எடுத்துவிட்டு, பழைய நான்கு அடியை மட்டும் பற்றவைத்தாள். மறுநாள் தூணடிக்கு வந்த தீபலட்சுமி தரையைத் தேடினாள்.

"ஏன் ஆச்சி அறுத்துட்டீக?"

"அறுக்கல தீபா. அதுக்கு உள்ள நீளம் அம்புட்டுத்தான். இங்குட்டு வந்தா எட்டும்."

மெட்டிச் சத்தம் வாசல் வரை வந்தது. நிலைக்கு வெளியே நின்றது. உமையாள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கெஞ்சிவிடுவோம் என்று பயந்தாள். கொஞ்ச நேரம் கழித்துச் சத்தம் எதிர் அறைக்குப் போனது.

பிரசவம் ஆனது. பேரனுக்குப் பேர் வைத்தார்கள். ரேடியோக்கள் வந்தன, போயின. மத்தியானத்தில் உமையாள் முறுக்கு டின்னின் சுவிட்சைப் போடுகிறாள். திரை கேட்கும்போது இருவர் ஆட்டத்தையே அழுத்துகிறாள். இரண்டாவது பொம்மை ஏணியடியில் அசையாமல் நிற்கிறது. தன் பொம்மையையும் அதன் பக்கத்திலேயே நிறுத்தி வைக்கிறாள். இரண்டாவது ஜாய்ஸ்டிக், நிலைக்கு ஒரு சாண் உள்ளே, தூசி துடைத்து வைத்தபடி இருக்கிறது.