கோல் கம்பத்துக்குப் பின்னால் அழகர்

கண்டி நகரத்து மஹய்யாவ அழகரை யாரும் கண்ணால் தேடியதில்லை, காதால்தான் கண்டுபிடிப்பார்கள். அப்படி ஒரு தொண்டை அவருக்கு.

கண்டி மார்க்கெட்டில் மரக்கறி லொறி இறக்குவது அவருடைய வேலை. தம்புள்ளையிலிருந்து பூசணிக்காய் வந்தால், மேலே நிற்பவன் தூக்கி எறிவான், கீழே நிற்கும் அழகர் பிடித்து அடுத்த கைக்கு மாற்றுவார். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு காலை, மேலே நின்றவன் எவனோடோ வாயடித்துக்கொண்டே ஒரு காயைக் கோணலாக விட்டெறிந்தான். அது தேங்காய்க் கடை ஹாஷிம் நானாவின் தலைக்கு நேராகப் போனது. அழகர் பக்கவாட்டில் பாய்ந்து, தரையில் உருண்டு, காயை நெஞ்சோடு அணைத்தபடி எழுந்தார். காய்க்கும் கீறல் இல்லை, நானாவுக்கும் கீறல் இல்லை.

ஹாஷிம் நானாதான் மலையருவி உதைபந்தாட்டக் கழகத்தின் செயலாளர். "தம்பி, பின்னேரம் மைதானத்துக்கு வாங்க" என்று அங்கேயே கையைப் பிடித்துக்கொண்டார். அழகர் கோல்காப்பாளர் ஆன கதை இவ்வளவுதான்.

எதிரணிகளில் பெரும்பாலும் சிங்களப் பையன்கள். அழகருக்கும் சிங்களம் தண்ணீர் பட்ட பாடுதான். ஆனால் கோலுக்குள் நின்றுவிட்டால் தமிழ் மட்டுமே பேசுவார். "ஒம்பதாம் நம்பரப் புடி! எடது பக்கம் விடாத!" என்று அவர் கத்துவது எதிரணிக்கு விளங்காது என்பதில் அவருக்கு அத்தனை பெருமை. பின்வரிசையில் ஆடிய சிங்களப் பையன் பண்டார கூட அவருக்காகவே 'புடி', 'விடாத' என்ற இரண்டு சொற்களையும், யாரும் சொல்லிக்கொடுக்காத ஒரு கெட்ட வார்த்தையையும் கற்றுக்கொண்டான்.

வருடங்கள் போயின. ஒரு மழைநாள் ஆட்டத்தில் அழகருக்குக் கம்பத்தில் மோதித் தோள்மூட்டு கழன்றது. இனிப் பாயக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனைவி அன்னலட்சுமி முன்னால் அந்த மனுஷன் குலுங்கிக் குலுங்கி அழுதார். பந்து இல்லாத பின்னேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

கோலுக்குள் இப்போது பஸ் கொண்டக்டர் முத்துலிங்கம் நின்றான். ஹாஷிம் நானா ஒருநாள் வீட்டுக்கே வந்தார்.

"கொழும்புல இருந்து சேர்ட்டிபிகேட் உள்ள கோச் ஒராளக் கூப்பிடணும்னு கழகத்துல சொல்றாங்க. நான் உங்களுக்காக ஒரு மெச் கேட்டு வாங்கியிருக்கேன். மடுல்கெல்ல தேயிலைத் தோட்டத்து டீமோட பைனல். வென்றா நீங்கதான் கோச். தோத்தா என்னால ஒண்ணும் செய்ய ஏலாது."

சொல்லிவிட்டு, முதுகில் 'கோச்' என்று எழுதிய வெள்ளை டீசேர்ட் ஒன்றையும் கொடுத்தார். வென்றால் அது அழகருடையது.

பைனல் அன்று அழகர் அந்த டீசேர்ட்டைப் போட்டுக்கொண்டு கோல் கம்பத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். முதல் பாதியிலேயே மடுல்கெல்லவுக்கு ஒரு பெனல்டி. அடிக்க வந்தவன் இராமையா. அவன் தோள் சாய்வதைப் பார்த்ததும் அழகருக்குப் பொறி தட்டியது.

"முத்து! எடது பக்கம் பாய்டா! அங்கதான் அடிப்பான்!"

இராமையா நிமிர்ந்து பார்த்தான். சிரித்தான். வலது பக்கம் அடித்தான். கோல்!

"ரொம்ப நன்றிங்கண்ணே!" என்று கும்பிடு போட்டுவிட்டு ஓடினான்.

தோட்டத்துப் பையன்கள் பதினொரு பேருக்கும் தாய்மொழி தமிழ் என்பதை, இத்தனை காலம் தமிழைப் பூட்டிய பெட்டியாக நினைத்திருந்த மனிதர் மறந்தே போனார். மைதானமே சிரித்தது. பண்டார வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

அதற்குப் பிறகாவது வாய் மூடியதா? எங்கே! கத்திக்கொண்டேதான் இருந்தார். இன்னொரு தடவை சத்தம் வந்தால் வெளியேற்றுவேன் என்று மத்தியஸ்தர் எச்சரித்துவிட்டுப் போனார்.

இடைவேளையில் அன்னலட்சுமி மேட்டிலிருந்து இறங்கி வந்தாள். "ஏங்க, அந்த முத்துப் புள்ள பந்தப் பாக்குதா, ஒங்க வாயப் பாக்குதா? நீங்க சொன்னாத்தான் அது அசையுது" என்றாள். சுருக்குப் பையைத் திறந்து வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை எல்லாம் வைத்துப் பெரிதாக மடித்து அவர் வாயில் திணித்தாள். "தொறந்தீங்கன்னா அந்த வெள்ளச் சட்ட போச்சு. நாந் தோய்க்க மாட்டேன்."

இரண்டாம் பாதியில் அழகரிடமிருந்து "ம்ம்! ம்ம்!" மட்டும்தான் வந்தது. முத்துலிங்கம் இரண்டு முறை திரும்பிப் பார்த்தான். பிறகு வேறு வழியில்லாமல் தானே கத்தத் தொடங்கினான், குட்ஸ் ஷெட் பஸ் நிலையத்துக் குரலில்.

"பின்னுக்குப் போங்க! பின்னுக்குப் போங்க! நடுவுல எடம் இருக்கு, நெருங்கி நில்லுங்க!"

எல்லோரும் பஸ்ஸில் பழகியவர்கள்தானே, சொன்னபடி நெருங்கி நின்றார்கள். பந்து நுழைய இடமில்லை. கடைசி நேரத்தில் பண்டார தலையால் முட்டி ஒரு கோல் போட, ஆட்டம் சமனாகிப் பெனல்டிக்குப் போனது. அதில் மலையருவி ஒரு கோல் முன்னால் இருந்தபோது கடைசி உதைக்கு வந்தான் அதே இராமையா.

அவன் பந்தை வைத்துவிட்டு அழகரைப் பார்த்தான். முத்துலிங்கமும் அழகரைப் பார்த்தான். எந்தப் பக்கம் என்று அழகருக்கு நிச்சயமாகத் தெரியும். சொல் நாக்கில் வந்து, வெற்றிலைக்கடியில் துடித்தது. கையால் காட்டியிருக்கலாம், கண்ணால் காட்டியிருக்கலாம். அவரோ மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார். முத்துலிங்கத்துக்குத் தெரிந்ததெல்லாம் 'கோச்' என்ற எழுத்து மட்டும்தான்.

பந்து காலில் பட்ட சத்தம் கேட்டது. அடுத்த கணம் இன்னொரு சத்தம். பூசணிக்காய் உள்ளங்கையில் வந்து விழுகிற அதே சத்தம்.

"அடி சக்கை!" என்று அழகர் போட்ட கூச்சல் மஹய்யாவ வரைக்கும் கேட்டதாகச் சொல்கிறார்கள். வெள்ளைச் சட்டையின் முன்பக்கம் முழுக்கச் சிவப்பாகிவிட்டது.

மறுநாள் காலை அவர் அந்தச் சட்டையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் வளைய வந்தார். அன்னலட்சுமி சவர்க்காரக் கட்டியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"பைப்படியில ஆளில்ல. போய்த் தோய்ங்க, கோச்" என்றாள்.