வசந்தன் பேருக்கு ஓர் அர்ச்சனை

மலேசியாவின் தங்காக் ஊரில் துணி எடுக்க வருகிறவர்கள் கஸ்தூரியைக் கேட்டுத்தான் கடைக்குள் நுழைவார்கள். பத்துச் சேலையைப் பிரித்துப் போட்டுவிட்டு ஒன்றும் எடுக்காமல் எழுந்து போனாலும் அவள் முகம் சுளிப்பதில்லை. கல்யாணச் சேலை பார்க்கிறவர்கள் தங்கள் வீட்டுச் சண்டை முழுவதையும் அவள் முன்னால் கொட்டிவிட்டுப் போவார்கள். அவள் வீட்டைப் பற்றி யாரும் கேட்டதில்லை. பெக்கோக்கிலிருந்து வந்தவள், கணவன் திருச்செல்வம் சிங்கப்பூரில் வேலை செய்கிறான், ஜொகூர் பாருவில் அறையெடுத்துத் தங்கிச் சனிக்கிழமைதோறும் வருகிறான், பிள்ளை இல்லை. கடைக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

பிள்ளை இருந்தது. பதினோரு நாள்.

பதினாறாம் நாள் பேர் வைப்பதாக இருந்தார்கள். பேரில்லாமல் போன பிள்ளை என்றே திருச்செல்வம் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறான். கஸ்தூரி ஒரு பேரை எடுத்து வைத்திருந்தாள். ரோகிணி நட்சத்திரத்துக்கு 'வ' வரும் என்று சொல்லியிருந்தார்கள். அவள் மனத்துக்குள் வசந்தன் என்று வைத்துக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறதே என்றிருந்தாள். அது நடந்து இருபத்தாறு வருடம்.

தங்காக்குக்குக் குடிவந்த முதல் வெள்ளிக்கிழமை, கோயிலில் அர்ச்சனைச் சீட்டு எழுதுகிறவர் யார் பேருக்கு என்று கேட்டார். அவள் வாயிலிருந்து அந்தப் பேர் வந்துவிட்டது. உயிரோடு இருக்கிறவர்கள் பேருக்குத்தான் அர்ச்சனை செய்வார்கள் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் தட்டை நீட்டினாள். 'ரோகிணி நட்சத்ரே, ரிஷப ராசௌ, வசந்தன் நாமதேயஸ்ய' என்று குருக்கள் சொன்னார். அந்தப் பேரை ஒருவர் வாய்விட்டுச் சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு எந்த வெள்ளிக்கிழமையும் தவறவில்லை. குருக்கள்மார் இந்தியாவிலிருந்து வருவதும் போவதுமாக இருந்தார்கள். சீட்டு மாறவில்லை.

சுபத்திரா டீச்சர் தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கதைகள் எழுதுவார். பேத்திக்குப் பேர் வைக்கிற நாளுக்குச் சேலை எடுக்க ஒரு மத்தியானம் வந்தார். வெளியே நல்ல மழை. கடையில் வேறு ஆளில்லை. என்ன பேர் வைக்கப் போகிறீர்கள் என்று கஸ்தூரி ஒரு பேச்சுக்குத்தான் கேட்டாள். டீச்சர் பேரைச் சொன்னார். அதன்பிறகு மழை விடும்வரை கஸ்தூரிதான் பேசிக்கொண்டிருந்தாள். டீச்சர் அவள் கையை விடவே இல்லை.

நாலு மாதம் கழித்து ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் கதை வந்தது. டீச்சரே அதைக் கடைக்குக் கொண்டுவந்து கொடுத்தார். கதையில் அவள் பேர் கமலாம்பிகை. ஊர் சிம்பாங் ரெங்கம். துணிக்கடை ரொட்டிக்கடையாகியிருந்தது, பதினோரு நாள் இருபது நாளாகியிருந்தது, கணவன் செத்துப்போயிருந்தான். கஸ்தூரி நின்றபடியே படித்தாள்.

"புள்ள பேர மாத்தலியா டீச்சர்?"

"ஒன் பேரு, ஊரு, எல்லாத்தயும் மாத்திட்டேன்லா. ஒன்னைய ஒருத்தருக்கும் தெரியாது."

"புள்ள பேரு."

"அது யாருக்குமே தெரியாத பேருதானே கஸ்தூரி. அதனாலதான் அப்படியே விட்டுட்டேன்."

அதில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. கஸ்தூரி பத்திரிகையைச் சேலை மடிப்பதுபோல் நான்காக மடித்து மேசையில் வைத்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை வரிசையில் அவளுக்கு முன்னால் இன்னும் நாலு பேர் இருந்தார்கள். கருவறைக்குள்ளிருந்து 'வசந்தன் நாமதேயஸ்ய' என்று கேட்டது. இந்த ஊரில் இன்னொரு வசந்தன் இருக்கிறான், இங்கேதான் நிற்கிறான் என்று ஆண்கள் பக்கம் திரும்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். இருபத்தாறு வயது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. தட்டை வாங்கிக்கொண்டு திரும்பியது தொழிற்சாலைச் சட்டை போட்ட ஒரு பெண். லோஷினி என்று பக்கத்தில் இருந்தவள் கூப்பிட்டாள். யாருக்கு அர்ச்சனை என்று கஸ்தூரி கேட்டதற்கு, பேப்பரில் வந்த கதையில் அந்தப் பிள்ளைக்கு அம்மாவைத் தவிர ஆளே இல்லை, படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை என்றாள். சொல்லும்போது அவள் கண் கலங்கியது. கஸ்தூரிக்குக் கலங்கவில்லை.

மறுநாள் திருச்செல்வம் வந்தான். சாப்பாட்டுக்கு முன் கைப்பேசியை எடுத்து, கூட வேலை செய்கிறவர்கள் அனுப்பினார்கள் என்று ஒரு கதையை உரக்கப் படிக்க ஆரம்பித்தான். பிள்ளையின் பேர் அவன் வாயிலிருந்து ஒன்பது தடவை வந்தது. கஸ்தூரி அடுப்பைப் பார்த்து நின்றபடி எண்ணினாள்.

"பாவம்லா அந்தப் பொம்பள," என்றான். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தான். "நம்மளும் அதுக்கு ஒரு பேரு வச்சிருக்கலாம்."

இத்தனை வருடத்தில் அவன் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. என்றாவது எடுத்தால் சொல்லிவிட வேண்டும் என்று அவள் நினைத்து வைத்திருந்தாள். இப்போது சொன்னால் கதையில் வந்த பேரைத்தானே சொல்கிறாய் என்பான். அல்லது, சொல்லாமலே புரிந்துகொண்டு, எனக்கு முன்னால் யாருக்குச் சொன்னாய் என்று கேட்பான். சாப்பாடு ஆறுகிறது என்றாள்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமைக்குள் அந்தப் பேரில் ஏழெட்டுச் சீட்டு வந்துவிட்டது. யாரோ குருக்களிடம் விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். கஸ்தூரியின் சீட்டைப் பார்த்ததும் அவர் தட்டை வாங்காமல் நின்றார்.

"இதுவும் அந்தக் கதைப் புள்ளையாம்மா? செத்தவங்களுக்கு அர்ச்சனை கூடாது. எல்லாரையும் திருப்பி அனுப்பிக்கிட்டிருக்கேன்."

பின்னால் வரிசை நீண்டிருந்தது. அதில் லோஷினியும் இருந்தாள். ஆமாம் என்றால் இனி அந்தப் பேர் அங்கே கேட்காது. உண்மையைச் சொன்னால் ஊர் முழுவதும் அவள் கையைப் பிடித்துக்கொள்ளும்.

"இல்ல சாமி. என் மகன்."

"எங்க இருக்காரு?"

"சிங்கப்பூர்ல வேலை," என்றாள்.

குருக்கள் தட்டை வாங்கினார். ரோகிணி நட்சத்ரே என்று தொடங்கினார். இந்தத் தடவை அவரிடம் ஓர் அக்கறை இருந்தது. உயிரோடு, தூரத்தில், பாலத்தைக் கடந்து வேலைக்குப் போகிற ஒருவனுக்காகச் சொன்னார். கஸ்தூரி கையைக் கூப்பிக்கொண்டு கேட்டாள். அவள் மடியில் கிடந்தவன் அந்தக் குரலில் இல்லை.

திருநீறு கொடுக்கும்போது, "ஊருக்கு வரும்போது மகன ஒரு நாள் கூட்டிக்கிட்டு வாங்களேன்," என்றார். "என்ன வேலை அங்க?"

மணிச்சத்தத்தில் கேட்காததுபோல் அவள் நகர்ந்துவிட்டாள். வெளியே வந்து செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள். அவர் விடுகிற ஆளல்ல, அடுத்த வாரமும் கேட்பார். வெள்ளிக்கிழமைக்குள் அவன் என்ன வேலை பார்க்கிறான் என்று அவள் முடிவு செய்தாக வேண்டும்.