காற்று போகும் வழி

மார்த்தாண்டம் சந்தைக்குப் பின்னால், சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். அதில் ஒன்றின் முன்னறைதான் லீலாபாயின் தையல்கடை. மூன்று மெஷின். பங்குனியில் மின்விசிறி சூட்டைத்தான் சுற்றிவிடும். கல்யாண ரவிக்கைகள் குவிந்து கிடந்தபோது, வேகமாகத் தைக்கும் பெமிலா சொன்னாள்:

"அக்கா, இந்த வேக்காட்டுல முடியல்ல. ஞாயிறு கழிஞ்சா நான் ஏ.சி. உள்ள ஜவுளிக்கடைக்குப் போவேன்."

லீலாபாய் கொத்தனாரைக் கூப்பிட்டுத் தெருப்பக்க ஜன்னலை இருமடங்காக்கினாள். தெருவில் காகிதம் பறந்தது. உள்ளே நூல்கூட அசையவில்லை.

"காத்துக்கும் நம்மள பிடிக்கல்ல," என்றாள் பெமிலா.

சனிக்கிழமை, ரவிக்கைகளைத் தொங்கவிட லீலாபாய் பின்சுவரில் ஆணி அடித்தாள். முன்பு அங்கே ஜன்னல் இருந்தது. அந்தப் பக்கம், தகரக்கூரைக்குக் கீழே, அண்ணன் மனைவி சத்தியபாய் மீன் கழுவும் இடம். நாற்றம் என்று சண்டை போட்டு, லீலாபாயே செங்கல் வைத்து அடைத்தது. பேச்சும் அன்றோடு நின்றது.

காரை உதிர்ந்து ஒரு செங்கல் ஆடியது. உருவினாள். தரையில் கிடந்த நூல் துணுக்குகள் அந்த ஓட்டையைப் பார்த்து ஓடின! தெருக்காற்று அவள் முதுகில் அடித்தது.

"ஏட்டி பெமிலா, இஞ்ச வா! காத்துக்கு வெளிய போவ வழியில்ல. அதான் உள்ள வரல்ல!"

ஓட்டையில் ஒரு கண் தெரிந்தது.

"யாரது சுவரை இடிக்கியது?"

"நான்தான் மைனி. ஜன்னலைத் திறக்கட்டா?"

"எனக்க மீன் இப்போ மணக்குதோ?"

"காத்து இஞ்ச இருந்து அங்கோட்டுல்லா போவுது. நாற்றம் வராது."

"அப்போ உனக்க சூடு மொத்தம் எனக்கா?"

கண் மறைந்தது. அவ்வளவுதான் என்று லீலாபாய் நினைத்தாள். ஓட்டையின் முன் ஒரு கன்னம் வந்தது. வியர்த்த கன்னம். கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

"நல்லா பெருசா இடி பிள்ளே."

பெமிலா சுத்தியலைப் பிடுங்கினாள். ஒவ்வொரு செங்கல் விழும்போதும் மூவரும் கத்தினார்கள். மாலைக்குள் வெட்டிய துணி எதுவும் மேசையில் நிற்கவில்லை. ஒரு மணப்பெண் ரவிக்கையின் பட்டுக்கை ஜன்னல் வழியாகப் பறந்தது. மீன்சட்டிக்கு மேலே சத்தியபாய் அதை எட்டிப் பிடித்தாள்.

"எனக்கொரு சட்டை தைச்சுத் தாருங்க, அப்போ இதைத் தாறேன்."

பெமிலா ஜன்னலில் கையை நீட்டினாள். "தாங்க மாமி. திங்கக்கிழமை இஞ்ச வேலைக்கு வந்ததும் முதல்ல உங்களுக்குத்தான் வெட்டுவேன்."

லீலாபாய்க்குத் திங்கள்கிழமை மட்டும்தான் காதில் விழுந்தது.