உலக்கை விழுந்த இடம்

காலை ஆறே முக்கால் மணி. வெல்ட் கீ படகுத்துறையில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு முதலில் தெரிந்தது கப்பலின் புகைபோக்கி. பக்கத்தில் அண்ணன் சட்டைப் பித்தானைப் போட்டுக் கழற்றி மறுபடியும் போட்டுக்கொண்டிருந்தான்.

அது இத்தாலியக் கப்பல். போன முறை வந்தபோது அதன் தலைமைப் பரிசாரகர் அண்ணனுக்கு ஒரு சொல்லைக் கற்றுக்கொடுத்திருந்தார். பயணிகளிடம் "என்ன விரும்புகிறீர்கள்?" என்று மரியாதையாகக் கேட்கும் சொல். அடுத்த முறை அதைச் சரியாகச் சொன்னால் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை. தெ-ஸீ-தெ-ர-னோ. இரண்டாவது அசையில் குரல் ஓங்க வேண்டும்; மற்றவை அதன் பின்னால் ஓடிவிட வேண்டும். பயணி பதிலுக்கு "நாங்கள் விரும்புகிறோம்" என்றாலோ கனம் பின்னுக்கு நகர்ந்துவிடும்: தெ-ஸி-தெ-ரியா-மோ. வீட்டில் பழகியபோது அண்ணன் இரண்டையும் பள்ளிக்கூட வாய்ப்பாடு போல ஒரே சீராக இழுத்தான்.

"பசியோட வந்தவனும் இதைக் கேட்டா எழுந்து போயிடுவான்லா," என்றார் அப்பா.

அம்மா முன்பே முடிவு சொல்லியிருந்தார். "கப்பல் வேலைக்கெல்லாம் அனுப்பமாட்டேன். நீ எந்தப் பாஷையில கேட்டாலும் சரி." சொல்லிவிட்டு மிளகாய் இடிக்கப் போய்விட்டார். அண்ணன் நிறுத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் உலக்கைதான் நின்றது.

"ஏன்டா, அந்த ஆளு இப்படியா சொன்னான்? மொத நாள் நீ சொல்லிக் காட்டினப்ப ரெண்டாவதுல ஏறிச்சே."

"உனக்கென்னம்மா தெரியும்?"

"காது இருக்கே. நான் இடிக்கிறேன், நீ சொல்லு."

'தெ' என்றதும் உலக்கையைத் தூக்கி 'ஸீ'யில் போட்டார். மீதி மூன்று அசையும் உலக்கை மறுபடி மேலே போவதற்குள் முடிந்துவிட வேண்டும். மற்றச் சொல்லுக்கு 'ரியா' வரும்வரை உலக்கை காத்திருக்கும். கப்பல் வரும்வரை மாலைதோறும் இது நடந்தது. எனக்கு அது விளையாட்டு. எதிரே குந்திக் கைதட்டினேன். மூவரும் மாறி மாறித் தும்மினோம்.

அன்று காலை கப்பலின் படகிலிருந்து துறையில் இறங்கிய பரிசாரகர் அண்ணனைப் பார்த்து முகவாயை உயர்த்தினார். அண்ணனின் குதிகால் எழுந்து, 'ஸீ'யில் தரையைத் தொட்டது. அவர் பயணியைப் போல நெஞ்சை நிமிர்த்தி, "தெஸிதெரியாமோ" என்று தொடங்கி ஏதேதோ கேட்டார். அண்ணனுக்குப் புரிந்தது முதல் சொல் மட்டும். அதற்கே வேலை கிடைத்தது.

செய்தியைக் கேட்ட அம்மா, "சட்டையெல்லாம் துவைச்சு வச்சிருக்கேன், எடுத்து அடுக்கு," என்றார். அனுப்பமாட்டேன் என்றவர் எதற்காக அத்தனை மாலையும் இடித்துக்கொடுத்தார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

அந்த மிளகாய்த்தூள் அடுத்த தீபாவளி வரை வந்தது.