இடது பக்கம் வராத சவுண்ட் கார்டு

போன செவ்வாய்க்கிழமை கம்பத்தில் ஒரு காது டாக்டரின் கிளினிக்கில் உட்கார்ந்திருந்தேன். காது என்னுடையது அல்ல, செல்வராஜுடையது. மேலே மலையில், ஏலப்பாறையில் நான் வைத்திருக்கும் கம்ப்யூட்டர் கடைக்கு நெடுநாளாக வந்துபோகிறவர். தேயிலை ஃபேக்டரியில், கொழுந்தை அரைத்துச் சுருட்டும் ரோலிங் ரூமில் இருபத்திரண்டு வருட சர்வீஸ்.

அவரை ஒரு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, "சத்தம் கேட்டா கையத் தூக்குங்க" என்றது டெஸ்ட் எடுக்கும் பெண். வெளியே வந்து மெஷினில் பட்டனை அழுத்தியது. செல்வராஜ் கட்டைவிரலைத் தூக்கினார். மறுபடி அழுத்தியது. மறுபடி கட்டைவிரல். அப்பாடா, ஒன்றுமில்லை என்று எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

அந்தப் பெண்ணுக்கு ஏதோ சந்தேகம். பட்டன் மேல் விரலைக் கொண்டுபோய் அழுத்தாமலே எடுத்தது. உள்ளே கட்டைவிரல் எழுந்தது!

"இவரு சத்தத்தைக் கேக்கல சார்... என் கையத்தான் பாக்குறாரு."

உள்ளே போய் அவருடைய நாற்காலியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் போட்டது. வலது காதுக்கு விரல் எழுந்தது, தாமதமாக, எப்போதாவது. இடது காதுக்கு எழவே இல்லை. பட்டனை அழுத்தி அழுத்திப் பார்த்தது அந்தப் பெண். அவர் முதுகு மட்டும் அசையாமல் தெரிந்தது.

அவர் ஏமாற்றவில்லை. ரோலிங் ரூமில் ஒரு முறை நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்... அங்கே வாயால் பேசி ஒரு பிரயோஜனமும் இல்லை. அத்தனை இரைச்சல். எல்லாம் கைப்பேச்சுதான். உள்ளங்கையைக் கவிழ்த்தால் நிறுத்து. விரலைச் சுழற்றினால் அடுத்த லோடு. கட்டைவிரலைத் தூக்கினால் ஓடுது, சரியா இருக்கு. எதிராளியின் கையைப் பார், பதிலுக்குக் கையைக் காட்டு. இருபத்திரண்டு வருடம் இதைச் செய்த மனுஷனை தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கட்டைவிரலைத்தான் தூக்குவார்.

இது தெரிந்திருக்க வேண்டியவன் நான். எனக்குத் தெரியவில்லை. அதைத்தான் இந்த வாரப் பத்தியில் சொல்லப் போகிறேன்.

ஐந்து வாரத்துக்கு முன்னால் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். அவருடைய மகள் பவித்ரா கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால் அப்பாவும் மகளும் ஆன்லைனில் சேர்ந்து ஒரு துப்பாக்கிச் சண்டை கேம் ஆடுவார்கள். அவள் அங்கே லேப்டாப்பில், இவர் இங்கே எஸ்டேட் வீட்டில் நான் அசெம்பிள் பண்ணிக்கொடுத்த கம்ப்யூட்டரில். விளையாட்டு ஒரு சாக்கு. ஹெட்செட்டில் மகளின் குரல் வரும், அதுதான் விஷயம்.

"அண்ணே, ஹெட்செட்ல லெஃப்ட் சைடு வர மாட்டேங்குதுண்ணே. 'லெஃப்ட்ல ஆளு வருதுப்பா, காலடிச் சத்தம் கேக்கலையா'ன்னு பாப்பா கத்துறா. எனக்கு ஒண்ணும் கேக்கல. சுட்டுட்டுப் போயிடுறானுங்க."

லெஃப்ட் வரவில்லையா? எனக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரியான கேள்வி. சவுண்டுக்கான டிரைவர் சாஃப்ட்வேரை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். ஹெட்செட்டை என் காதில் மாட்டிப் பார்த்தேன், இரண்டு பக்கமும் கணீரென்று வந்தது. அவரிடம் கொடுத்தேன். ஸ்கிரீனில் டெஸ்ட் சவுண்டை ஓடவிட்டு, "இப்ப எப்படி?" என்றேன். எல், ஆர் என்று இரண்டு பச்சைக் கோடுகள் ஏறி இறங்கின. அவர் அவற்றைப் பார்த்தார். கட்டைவிரலைத் தூக்கினார்.

அடுத்த ஞாயிறு மறுபடி லெஃப்ட் இல்லை.

வந்துவந்து போகிற கோளாறு என்று முடிவு கட்டினேன். ரிப்பேர்க்காரனுக்கு அதைவிடப் பெரிய சவால் உண்டா? ஹெட்செட்டை மாற்றினேன். பச்சைக் கோடு, கட்டைவிரல். பிறகு யூஎஸ்பி-யில் சொருகும் சின்ன சவுண்ட் கார்டு. பச்சைக் கோடு, கட்டைவிரல். அதற்கும் அடங்கவில்லை என்றதும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கம்ப்யூட்டருக்குள் மதர்போர்டிலேயே பொருத்துகிற நல்ல கார்டு ஒன்றைக் கோட்டயத்திலிருந்து வரவழைத்தேன். கேமுக்குச் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று துல்லியமாகப் பிரிக்க வேண்டும், பாட்டுக்குக் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே தர வேண்டும், படத்துக்குப் பேச்சு தெளிவாக இருக்க வேண்டும்... அவரை உட்காரவைத்து அரைமணி நேரம் கிளாஸ் எடுத்தேன். அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டு தலையாட்டினார். எவ்வளவு ஆர்வம் என்று நினைத்துக்கொண்டேன், முட்டாள்.

பவித்ரா லீவில் வந்தாள். கடைக்கு அப்பாவையும் அழைத்துக்கொண்டு வந்து, ஹெட்செட்டைத் தானே மாட்டிப் பார்த்தாள். "ரெண்டு பக்கமும் நல்லாத்தானே மாமா வருது?" என்றாள். அப்புறம் அதைக் கழற்றி அப்பாவின் தலையில் இடம் வலம் மாற்றி மாட்டினாள். கோடுகள் தெரியாதபடி மானிட்டரையும் அணைத்துவிட்டாள்.

"இப்ப எந்தப் பக்கம்ப்பா வரல?"

அவர் இடது காதைத் தொட்டார். மாற்றி மாட்டியும் அதே இடது காது.

"என்னைக்கிலேர்ந்துப்பா?"

"அண்ணன் கடைக்கு வர்றதுக்கு முந்துன வாரம் கம்பத்துக்குக் கல்யாணத்துக்குப் போயிட்டு வந்தோம்லா... மறுநாளு காலைல எந்திரிச்சா ஞொய்யுன்னு ஒரு சத்தம், காது அடைச்சாப்புல இருந்துச்சு. மலையேறி வந்தா எல்லாருக்கும் அடைக்கத்தான செய்யும். எச்சில முழுங்குனா தொறந்துக்கும்னு விட்டுட்டேன்."

உண்மைதான். மலையேறினால் எங்கள் எல்லோருக்கும் காது அடைக்கும். எச்சில் விழுங்கினால் திறந்துகொள்ளும். அதற்காக இங்கே யாரும் டாக்டரிடம் போனதில்லை. ஃபேக்டரியில் காது தேவையே இல்லை, கண் போதும். வீட்டில் அவர் மனைவி எப்போதும் சத்தமாகத்தான் பேசுவார். ஃபேக்டரிக்காரர் வீடுகளில் எல்லோரும் அப்படித்தான். ஆக, அந்தக் காது போனது வெளியே தெரிந்த ஒரே இடம் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு. அந்த ஒரு தகவலும் நேராக என்னிடம்தான் வந்தது. நான் அதற்குக் கார்டு மாற்றிக்கொண்டிருந்தேன்.

கம்பத்து டாக்டர் நல்ல மனிதர், சுற்றி வளைக்கவில்லை. "காது நரம்புல திடீர்னு வர்ற பாதிப்பு. முதல் ரெண்டு வாரத்துக்குள்ள வந்திருந்தா மருந்து கொடுத்து முயற்சி பண்ணியிருக்கலாம். திரும்பியிருக்கும்னு உத்தரவாதம் இல்ல, ஆனா ஒரு வாய்ப்பு இருந்துச்சு. இப்பவும் எழுதித் தர்றேன்... பெருசா எதிர்பார்க்காதீங்க." வலது காதும் ஃபேக்டரி இரைச்சலில் தேய்ந்திருக்கிறதாம். இனி அதை ரொம்பப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

"இவ்வளவு நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று கேட்டார்.

கூட வந்திருந்த பவித்ரா என்னைப் பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

திரும்பி வருகிற பஸ்ஸில் செல்வராஜின் இடது பக்கம் உட்கார்ந்திருந்தேன். குமுளி தாண்டுகிற வரைக்கும் மன்னிப்பு மாதிரி ஏதேதோ பேசினேன். அவர் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தார். எழுந்து, அவரோடு இடம் மாற்றிக்கொண்டு வலது பக்கம் உட்கார்ந்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் அந்தக் கார்டைக் கழற்றிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். "நல்ல சாமான்ணே, வேற யாருக்காவது ஆவும்" என்றார். கடை மேஜையில் இருக்கிறது. உண்மையிலேயே நல்ல சாமான்தான்.

ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு நிற்கவில்லை. பவித்ரா கோயம்புத்தூர் போனதும் தொடர்ந்தது. ஒரே ஒரு மாற்றம்... கேமில் அவள் இப்போது முன்னால் ஓடுவதில்லையாம். அப்பாவுக்கு இடது பக்கமாகவே நிற்கிறாளாம். "அந்தப் பக்கத்தப் பாப்பா பாத்துக்கிடுதுண்ணே" என்றார் செல்வராஜ். நான் கட்டைவிரலைத் தூக்கினேன்.

கடையிலிருந்து வந்து உட்கார்ந்தால், மெயிலில் ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: கேம், பாட்டு, படம் மூன்றுக்கும் ஏற்ற சவுண்ட் கார்டு எது? வழக்கமாக இப்படிக் கேள்வி வந்தால் இரண்டு பக்கத்துக்குக் குறையாமல் எழுதுவேன். நண்பரே, பெரும்பாலானவர்களுக்கு மதர்போர்டோடு வருகிற சவுண்டே தாராளம். இரைச்சல் கேட்டால் ஒரு சின்ன யூஎஸ்பி கார்டு போதும். அதற்கு மேல் வேண்டுமென்றால் எழுதுங்கள், சொல்கிறேன்.

ஆனால் எதையும் வாங்குவதற்கு முன்னால், கண்ணை மூடிக்கொண்டு, ஹெட்செட்டை ஒரு தடவை இடம் வலம் திருப்பி மாட்டிக் கேளுங்கள். ஐந்து விநாடி வேலை. ஐந்து வாரமாக அதைத்தான் நான் செய்யாமல் இருந்தேன்.