கல்லறை வாசலில் நிற்கும் கார்

பெரியம்மா வரும்போது மட்டும் நம் கார் ஏன் கல்லறைத் தோட்டத்துக்கு எதிரே நிற்கிறது என்று கேட்டீர்கள். எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன்.

அது உங்கள் பெரியப்பாவின் கார். அவர் இறந்த பிறகு பெரியம்மா அதை விற்க மனமில்லாமல் சாவியை என்னிடம் கொடுத்தார். எனக்கும் பெரியம்மாவுக்கும் டவுனில் வேலை. தினமும் சேர்ந்து போவோம். பின்னால் வருவதைப் பார்க்கும் கண்ணாடியை எத்தனை முறை எனக்கு ஏற்றபடி திருப்பினாலும், போகப் போக அது பெரியப்பாவின் உயரத்துக்கே இறங்கிவிடும்.

வெயில் காலம் வந்தது. ஒதியம்பட்டைத் தாண்டி, அவரைப் புதைத்த கல்லறைத் தோட்டம் வந்ததும் எஞ்சின் சட்டென்று அணைந்துவிடும். செல்ஃப் ஸ்டார்ட்டர் சுற்றும், எஞ்சின் பிடிக்காது.

"அவரு கூப்புடறாரு தம்பி" என்று பெரியம்மா இறங்குவார். மெழுகுவத்தி ஏற்றி ஜெபமாலை சொல்லிவிட்டு வருவார். அதன் பிறகு சாவியைத் திருப்பினால் உடனே பிடிக்கும். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. அண்ணன்தான் நிறுத்துகிறாரோ என்று எனக்கும் தோன்றியது.

அப்போது சின்னவள் உங்கள் அம்மாவின் வயிற்றில், நிறைமாதம். வலி வந்த நேரத்தில் வண்டி இப்படி நின்றுவிட்டால்? பெரியம்மாவிடம் சொல்லாமல் மெக்கானிக்கிடம் போனேன்.

"இன்னாண்ணே, பேயா? பெட்ரோல் வண்டிய எந்தப் பேய் நிறுத்தும்?" என்று அவன் சிரித்தான். "எஞ்சினுக்குப் பொறி குடுக்கற காயிலு போயிருக்கும். சூடானா வேலை செய்யாது, ஆறினா செய்யும். உங்க அண்ணன்கிட்ட அப்பவே மாத்தச் சொன்னேன். உசுரோட இருக்கச்சயே பேய் மாதிரி மொறைச்சாரு. அடுத்த தபா நின்னா ஈரத்துணி போட்டுப் பாரு."

மறுநாளும் அதே இடத்தில் நின்றது. பெரியம்மா உள்ளே போனதும் பானெட்டைத் திறந்தேன். காயில் கையைச் சுட்டது. ஈரத்துணியைச் சுற்றி, கொஞ்சம் பொறுத்து, சாவியைத் திருப்பினேன். பிடித்துவிட்டது.

சத்தம் கேட்டுப் பெரியம்மா வாசலுக்கு வந்தார். ஜெபமாலை பாதியில் விரலில் நின்றது.

"நான் இன்னும் முடிக்கலியே தம்பி."

ஈரத்துணியிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. அவர் அதையே பார்த்தார். நான் துணியை எடுத்துவிட்டு பானெட்டை மூடினேன். வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் சொன்னார்.

"மாத்திடுபா. கொழந்த வரப்போவுது."

மாற்றினேன். வலி வந்த அன்று காலையிலேயே நல்ல வெயில். கல்லறை நெருங்க நெருங்க, புதுக் காயில் என்று தெரிந்தும் ஆக்ஸிலரேட்டரை இன்னும் அழுத்தினேன். பின்சீட்டில் உங்கள் அம்மாவின் தலையை மடியில் வைத்திருந்த பெரியம்மா ஜன்னல் பக்கம் திரும்பி, "வழி வுடுங்க. புள்ளையோட வந்து நிக்கறோம்" என்றார்.

வண்டி நிற்கவில்லை. சுகப்பிரசவம்.

குழந்தையோடு திரும்பும்போதும் எஞ்சின் சீராக ஓடியது. கல்லறை வந்தது. பெரியம்மா கல்லறைப் பக்கம் திரும்பினார். பையிலிருந்த மெழுகுவத்தியை இறுக்கிப் பிடித்திருந்தார். நான் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தேன்.

"நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சி அண்ணி."

அவர் என் கையைப் பார்த்தார், சாவியைப் பார்த்தார். பிறகு அம்மாவிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

அன்றிலிருந்து இப்படித்தான். கண்ணாடி இன்னும் பெரியப்பாவின் உயரத்துக்கே இறங்குகிறது, நான் திருப்புவதில்லை. பெரியம்மா ஜெபமாலை முடித்து வரும்வரை சாவியையும் தொடுவதில்லை.